கடைசிக் குழாயில் பூஜ்ஜியம்

பயிற்சி முடிந்து வந்த மீட்டரம்மாவோடு அவள் கணவர் மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. போன வாரம் கதை அந்த இடத்தில்தான் நின்றது. அவள் அப்படி ஒன்றும் பெரிதாகச் சொல்லிவிடவில்லை. "உங்களையும்தான் கூப்பிட்டாங்க, நீங்கதான் வரமாட்டேன்னுட்டீங்க" என்றாள். அதற்கே மனிதர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஒன்பது வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவள் என்பதால் நகராட்சியில் அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கணவர் அதே நகராட்சியின் நீரேற்று நிலையத்தில் பம்ப் ஓட்டுகிறவர். ஊருக்கு அவர் பம்ப்காரர். கணவரின் அக்கா, அதாவது மீட்டரம்மாவின் அண்ணிதான் குடிநீர்ப் பிரிவுக்கே கண்காணிப்பாளர். மூன்று பேருக்கும் ஒரே வீடு, ஒரே அலுவலகம். அலுவலகத்தில் சண்டை வந்தால் வீட்டுக் குழம்பில் உப்பு கூடும்.

பயிற்சிக்கு ஐந்து பேர் போனார்கள். தண்ணீரில் குளோரின் மருந்து எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு பரிசோதனைப் பெட்டி கொடுத்தார்கள். வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வந்ததும் நான்கு பெட்டிகள் பத்திரமாகப் பீரோவுக்குள் போய்விட்டன. ஐந்தாவது பெட்டி மீட்டரம்மாவின் கைப்பையில் இருந்தது.

திங்கட்கிழமை காலை. காபி குடித்துக்கொண்டே அண்ணி உத்தரவு போட்டார்.

"இன்னிக்கிலேருந்து அஞ்சு குழாயும் நீதான் பார்க்கணும். பம்ப் ஹவுஸ்ல ஆரம்பிச்சு கடைசிக் குழாய் வரைக்கும்."

"சரி அண்ணி."

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்தார். மனைவியைப் பார்க்காமல் அக்காவிடம் பேசினார்.

"ஏன்க்கா, பதினாலு வருஷமா நான் விட்ட தண்ணிய ஊரே குடிச்சுது. யாராவது செத்தாங்களா?"

"சாகலைன்னு சொல்றதுக்கு ஒரு பதிவேடு, அதை எழுத ஒரு ஆளு, கையெழுத்துப் போட நான். போதுமாடா?"

"அந்தப் பொம்மைப் பெட்டிய வெச்சுக்கிட்டு என் பம்ப் ஹவுஸுக்குள்ள…"

"உன் பம்ப் ஹவுஸ் இல்ல. நகராட்சியோடது."

மீட்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பாத்திரத்தைக் கழுவினாள். அவருடைய கோபத்துக்குக் காரணம் அவளுக்குத் தெரியும். அடுத்த மாதம் மூத்த ஆபரேட்டர் பதவிக்கு நேர்முகம். ஒரு கரும்புள்ளிகூட இல்லாத மனிதர். இந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்தே ஒருத்தி பெட்டியோடு கிளம்பினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

நீரேற்று நிலையத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் குழாயை இரண்டு நிமிஷம் ஓடவிட்டாள். கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் அலசினாள், கோடு வரைக்கும் பிடித்தாள், ஒரு மாத்திரையைப் போட்டு மூடி ஆட்டினாள். தண்ணீர் அழகான ரோஸ் நிறத்துக்கு மாறியது. பெட்டியில் இருந்த, எண் போட்ட நிறப் பட்டையோடு வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணு. சரியா இருக்குங்க."

மூன்று நாளைக்குப் பிறகு அவர் வாய் திறந்தது.

"பார்த்தியா? இதைச் சொல்ல பத்து நாள் பயிற்சி! தண்ணிய வாயில வெச்சாலே நான் சொல்லிடுவேன்."

"வாயில வெச்சுச் சொல்றதை எப்படிங்க எழுதறது?"

அவர் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். முறைப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. அவள் அதை மனதுக்குள் ஒரு வெற்றியாக எழுதிக்கொண்டு சைக்கிளை எடுத்தாள்.

இரண்டாவது குழாய் ரோஸ். மூன்றாவதும் நான்காவதும் அதே. மேலே போகப்போக நிறம் வெளுத்தது. குழாய் நீளநீள மருந்து குறையும் என்று பயிற்சியில் சொல்லியிருந்ததால் அவள் கவலைப்படவில்லை.

ஐந்தாவது, மேட்டுத் தெருவின் கடைசியில் இருந்த தொடக்கப் பள்ளி. குழாயடியில் பிள்ளைகள் வரிசையாகப் பாட்டிலோடு நின்றார்கள். அவள் ஓரமாக ஒரு குழாயில் தண்ணீரை ஓடவிட்டுப் பிடித்தாள். மாத்திரையைப் போட்டாள். ஆட்டினாள்.

ஒன்றும் ஆகவில்லை.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். போட்ட மாத்திரை அடியில் கரைந்துகொண்டிருந்தது, தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. கண்ணாடிக் குழாயை அலசிவிட்டு இன்னொரு தடவை செய்தாள். அதே கதை. மருந்து ஒரு துளிகூட இல்லை.

பயிற்சிக்கு முந்தைய மீட்டரம்மாவாக இருந்தால் என்ன செய்திருப்பாள்? நோட்டில் குறித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், யாராவது நிமிர்ந்து பார்க்கும் வரை மேசை ஓரத்தில் நின்றிருப்பாள். பயிற்சி கொடுத்த அம்மா இந்த ஒரு விஷயத்தை மட்டும் நான்கு தடவை செய்யச் சொல்லிப் பழக்கியிருந்தார். முதலில் மூடு. சொல்வதும் எழுதுவதும் அப்புறம்.

"பிள்ளைங்களா, எல்லாரும் பாட்டிலைக் கீழ கொட்டுங்க. யாரும் குடிக்காதீங்க."

சுவரோரத்து வால்வை இறுக்கித் திருகினாள். பேண்டேஜ் துணியால் குழாய்களைச் சுற்றிக் கட்டினாள். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை ஓடிவந்தார்.

"என்னம்மா பண்றீங்க? யாரு உத்தரவு?"

"என் உத்தரவுதாம்மா. பேப்பர் பின்னாடியே வரும். தண்ணி லாரி அரை மணியில வந்துடும்."

சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு தெளிவாக வந்தது என்று அவளுக்கே தெரிந்தது. தலைமையாசிரியை துணிக்கட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"போன வாரத்துலேருந்து வயித்து வலின்னு பதினோரு பிள்ளைங்க வரலம்மா. மூணாம் வகுப்புல ஒரு பொண்ணுக்கு ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏறுது. வெளியில எதையாவது வாங்கித் தின்னிருக்கும்னு நாங்க நினைச்சோம்."

மீட்டரம்மா அண்ணிக்குப் போன் போட்டாள். மூன்றே வார்த்தைதான்: "பள்ளிக்கூடத்துல பூஜ்ஜியம். மூடிட்டேன்."

மறுமுனையில் அண்ணி, "லாரி அனுப்பறேன். அவனையும் அனுப்பறேன்" என்றார்.

லாரிக்கு முன்னால் கணவரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்குகிற வேகத்திலேயே தெரிந்தது, மனிதர் கொதித்துப்போயிருக்கிறார்.

"என் தண்ணிய விஷம்னு ஊரெல்லாம் சொல்லிட்டியாமே?"

"உங்க தண்ணி பம்ப் ஹவுஸ்ல நல்லாத்தான் இருந்துது. நான்தானே பார்த்தேன்."

"அப்ப மாத்திரை பழசு. இல்ல நீ சரியா ஆட்டல."

அவள் வாதாடவில்லை. பெட்டியை அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே பாருங்க."

ஒரு குழாயின் கட்டை அவிழ்த்து, வால்வைத் திறந்து தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். அவருக்கு மாத்திரையை உறையிலிருந்து பிரிக்கக்கூடத் தெரியவில்லை. "கை படக்கூடாதுங்க, அப்படியே உள்ள தள்ளுங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் கண்ணாடிக் குழாயை மூடினார், ஆட்டினார், சூரியனுக்கு நேராகப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். பக்கத்தில் ஒரு சின்னப் பெண், "மாமா, கலர் வரலையா?" என்று கேட்டாள். அவர் கை இறங்கியது.

"நேத்து பதிவேட்டுல இந்தக் குழாய்க்குப் புள்ளி அஞ்சுன்னு எழுதியிருக்கேன்" என்றார். யாரும் கேட்கவில்லை, தானாக வந்தது.

"எப்பங்க அளந்தீங்க?"

"அளக்கல. தினமும் புள்ளி அஞ்சுதான் எழுதறது. இந்த மேட்டுக்கு நான் வந்தே நாலு வருஷம் இருக்கும்."

அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவும் செய்தது. ஆனால் அந்த மூன்றாம் வகுப்புப் பெண்ணுக்கு இப்போது அந்தக் கோபத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"இதை வீட்டுல பேசிக்கலாம். முதல்ல எந்த இடத்துல கெடுதுன்னு கண்டுபிடிப்போம். குழாய் எப்படி வருதுன்னு உங்களை விட்டா ஊருல வேற யாருக்குத் தெரியும்?"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மோட்டார் சைக்கிளை அங்கேயே நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

பள்ளிக்கு முந்தைய தெருக்குழாயில் நிறம் வரவில்லை. அதற்கும் கீழே, தையல்கடை எதிரிலும் வரவில்லை. சலவைக்கடை முனையில் இருந்த குழாயில் மாத்திரையைப் போட்டு ஆட்டியதும் ரோஸ் பூத்துக்கொண்டு வந்தது. அவர்தான் முதலில் கத்தினார்.

"வந்துடுச்சு! இங்க இருக்கு! அப்ப இதுக்கும் தையல்கடைக்கும் நடுவுலதான்."

நூற்றைம்பது அடி ரோடு. அவர் அதை ஒரு முறை மேலும் கீழும் நடந்தார். மண்ணுக்கடியில் இருக்கிறதெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தது. "இங்க மூணடியில நம்ம குழாய் வருது. இந்த இடத்துல சாக்கடைக்கு அடியில குறுக்கே தாண்டுது…" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். காலடியில் ரோட்டின் குறுக்கே ஒரு முழ அகலத்துக்குப் புது சிமெண்ட் பூசியிருந்தது.

"கேபிள் போடறவங்க தோண்டின இடம். அன்னிக்கு மோட்டார் திடீர்னு இழுக்க மாட்டேன்னு அடம் பிடிச்சுது. நான் மோட்டாரைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"அது என்னிக்கு?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "பதினெட்டு நாள் ஆச்சு."

வால்வை அடைத்தார்கள். ஃபிட்டர் ஆட்களோடு வந்தார். இரண்டு மணிக்குள் சிமெண்டை உடைத்துத் தோண்டியதும் எல்லாம் வெளியே வந்தது. கடப்பாரை பட்டு இணைப்பு விட்டுப்போயிருந்தது. தோண்டியவர்கள் யாரிடமும் சொல்லாமல் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி மேலே மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். மேட்டுத் தெருவில் தண்ணீருக்கு வேகம் குறைவு. வேகம் தளர்ந்தபோதெல்லாம் சாக்கடை உள்ளே இழுத்திருக்கிறது. கறுப்பாக ஊறி நின்ற குழியைப் பார்த்து ஃபிட்டரே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மீட்டரம்மா, இதை எப்படிக்கா மேல நின்னுக்கிட்டே கண்டுபிடிச்சீங்க?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? கலர் எங்க நின்னுதுன்னு பார்த்தது நான். குழி எங்கன்னு சொன்னது இவரு."

கணவர் சேற்றில் இறங்கி நின்றபடி அதைக் கேட்டார். புது இணைப்பை முடுக்கும்போது ஃபிட்டரை விலக்கிவிட்டுத் தானே முடுக்கினார்.

குழாயை மருந்துத் தண்ணீரால் கழுவி விட்டார்கள். நாலரை மணிக்குப் பள்ளிக் குழாயில் மெல்லிய ரோஸ் தெரிந்தது. புள்ளி இரண்டு, கடைசிக் குழாய்க்கு அது போதும். தலைமையாசிரியை துணிக்கட்டை அவிழ்க்க வந்தார். "இன்னிக்கு வேணாம்மா. நாளைக்கு ரெண்டு தடவை பார்த்துட்டு நானே வந்து திறக்கறேன். அதுவரைக்கும் லாரி" என்றாள் மீட்டரம்மா. இந்த முறை யார் உத்தரவு என்று அவர் கேட்கவில்லை.

ஐந்தரை மணிக்கு அண்ணியின் அறை. கதவு சாத்தியிருந்தது. மேசைமேல் பதிவேடு விரித்துக் கிடந்தது. ஒவ்வொரு வரியிலும் கடைசிக் கட்டத்தில் கணவரின் சாய்ந்த எழுத்தில் புள்ளி அஞ்சு, புள்ளி அஞ்சு, புள்ளி அஞ்சு. அதற்குக் கீழே இன்றைய தேதியில் மீட்டரம்மா பூஜ்ஜியம் போட்டிருந்தாள்.

அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆஸ்பத்திரியிலேருந்து டாக்டர் பேசினார். பதினோரு பிள்ளைங்களும் தேறிடுவாங்களாம். டிரிப்ஸ் ஏத்தின பொண்ணு இப்ப உட்கார்ந்து பேசுதாம்."

மீட்டரம்மாவுக்கு மூச்சு வந்தது.

"ஆனா ஒரு கேள்வி கேட்டார். என்னிக்கிலேருந்து தண்ணி கெட்டிருந்துதுன்னு. அதைப் பொறுத்து அந்தத் தெருவுல இன்னும் யாரையெல்லாம் பார்க்கணும்னு அவர் முடிவு பண்ணுவாராம். பதிவேட்டைப் பார்த்துச் சொல்றேன்னேன்." அண்ணி பதிவேட்டை லேசாகத் தள்ளினார். "நேத்து வரைக்கும் நல்ல தண்ணின்னு சொல்லுது இது."

மீட்டரம்மா கணவரைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. மதியம் முழுக்க அவளுக்கு உள்ளே ஒரு முள் குத்திக்கொண்டேதான் இருந்தது. தன் பூஜ்ஜியத்துக்கு மேலே இருக்கிற வரிகளை அவள் என்ன செய்ய முடியும்? அவள் எழுதியது உண்மை. அது உண்மை என்றால் அவர் எழுதியது பொய். நேர்முகத்துக்கு இன்னும் நான்கு வாரம்.

"அண்ணி, கேபிள் தோண்டின தேதிய வெச்சு நாமளே டாக்டருக்குச் சொல்லிட்டா…"

"வேணாம்" என்றார் கணவர். சட்டையில் சேறு காய்ந்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பேனா குடுக்கா."

"என்னடா எழுதப் போற?"

"நடந்ததை."

பதிவேட்டின் ஓரத்தில் அவர் எழுதினார். எழுதுவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. நாக்கை மடித்துக்கொண்டு, ஒரு வார்த்தைக்கு ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டார். கடைசிக் குழாயின் அளவை நான் எந்த நாளும் அளந்து எழுதவில்லை. கேபிள் தோண்டிய நாளில் குழாய் உடைந்திருக்கிறது. அன்றிலிருந்து தண்ணீர் கெட்டிருக்க வேண்டும். தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"பதவி உயர்வு?" அண்ணியின் குரல் கண்காணிப்பாளர் குரலாக இல்லை, அக்காவின் குரலாக இருந்தது.

"வந்தா வருது. அந்தச் சின்னப் பொண்ணு கலர் வரலையான்னு கேட்டுது பாரு, அதுக்கு என்னால பதில் சொல்ல முடியல." பேனாவை மூடினார். "அடுத்த பயிற்சி எப்போ?"

"அடுத்த மாசம் பத்தாம் தேதி."

"என் பேரைப் போடு. பீரோவுல தூங்கற நாலு பெட்டியில ஒண்ணை எனக்குக் குடு. மோட்டாரை நிறுத்திட்டு வந்துதான் கத்துக்கணும்னாலும் கத்துக்கறேன்."

மீட்டரம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பதினாலு வருஷ சர்வீஸ் இருக்கறவருக்கு எதுக்குங்க பயிற்சி?"

"போதும், போதும். மாத்திரையைப் பிரிக்கக்கூடத் தெரியலைன்னு நீ ஆபீஸ் பூரா சொல்லப் போறே. அதுக்குள்ள நானே போயிடறேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். மூன்று நாளைக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது. அண்ணி டாக்டருக்குப் போன் செய்து பதினெட்டு நாள் என்று சொன்னார். பிறகு ஆணையரிடமும் பேசினார். அந்தப் பேச்சு நீண்டது. இவர் பக்கம் "சரிங்க சார்", "இருக்கு சார்", "கொண்டு வர்றேன் சார்" என்று மட்டும் கேட்டது.

போனை வைத்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு மூணு பேரையும் வரச் சொல்றார். உன்னைப் பாராட்டணுமாம்." மீட்டரம்மாவைப் பார்த்துச் சொன்னவர், தம்பி பக்கம் திரும்பினார். "உன்கிட்ட விளக்கம் கேட்பார். நீயா எழுதிக் குடுத்ததால பெரிசா ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கறேன்."

"உங்களை எதுக்கு அண்ணி?"

அண்ணி எழுந்து போய் ஜன்னலோர பீரோவைத் திறந்தார். அடியில் கிடந்த தடித்த பழைய பதிவேடுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கினார். தூசி பறந்தது.

"மருந்து அளவு எழுத ஆரம்பிச்ச நாள்லேருந்து எல்லாப் பதிவேடும் வேணுமாம். ஆறு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் இது பம்ப் ஹவுஸுக்கே போகாது. ஆபீஸ்லதான் இருக்கும். அப்ப நான் கிளார்க்."

மேலே இருந்ததை அவரே பிரித்தார். அண்ணியின் உருண்டை உருண்டையான அழகான எழுத்து. பக்கம் பக்கமாகப் புள்ளி அஞ்சு.

கணவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அக்கா… இது தெரிஞ்சேவா இவளைப் பயிற்சிக்கு அனுப்பினே?"

"தெரிஞ்சேதான்" என்றார் அண்ணி. "வேற யார் போனாலும் பெட்டி பீரோவுக்குள்ளதான் போயிருக்கும்."

மீட்டரம்மா பதிவேடுகளை எண்ணினாள். ஒன்பது இருந்தன. பாதியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மீதியைத் தூக்கச் சொல்லிக் கணவருக்குக் கண்ணைக் காட்டினாள்.

"வாங்க அண்ணி, வீட்டுக்குப் போகலாம். காலையில பத்து மணிக்கு ஆணையர்கிட்ட என்ன சொல்றதுன்னு மூணு பேரும் உட்கார்ந்து பேசணும்."